வாய் திறக்காத வீட்டோ

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் உள்ள மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 800. ஊர்ச்சபையில் உட்கார என்ன தகுதி வேண்டும் என்று வகுத்துவிட்டு, சபை நடக்க வேண்டிய முறைக்கு அது வருகிறது. வருகிற யோசனை ஒவ்வொன்றுக்கும் ‘அன்று’ என்றே சொல்லிக் காரியத்தை நடக்கவிடாமல் செய்பவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அவருக்குத் துணை நின்றவர்களும் கட்ட வேண்டும். பழம்பெருமை பேசும் நம் மேடைகளில் உத்திரமேரூர்க் குடவோலைக்குக் கிடைக்கும் கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட மானூருக்குக் கிடைப்பதில்லை. குடவோலை ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொன்னது. மானூரோ சபைக்குள் வந்தமர்ந்தவரின் மறுப்பை என்ன செய்வது என்ற கடினமான கேள்வியில் கை வைத்தது. அதை ஜனநாயகம் என்று கொண்டாட நான் தயாரில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்கள் மட்டுமே அங்கே உறுப்பினர்கள். ஆனாலும் விதியின் கூர்மை கவனிக்கத்தக்கது. ஒரு யோசனை பிடிக்காமல் மறுப்பவருக்குத் தண்டம் கிடையாது. எது வந்தாலும் முட்டுக்கட்டை போடுவதையே வழக்கமாக வைத்திருப்பவருக்குத்தான் தண்டம். மறுக்கும் உரிமையைப் பறிக்காமல் அதற்கு ஒரு விலை வைத்தார்கள்.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளின் கையில் இருக்கும் வீட்டோ அதிகாரத்தை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது என்ற பேச்சு எண்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதில் பெரும்பகுதி, போடப்பட்ட வீட்டோக்களைப் பற்றியது. எந்த நாடு எத்தனை முறை போட்டது, யாரைக் காப்பாற்றப் போட்டது என்று கணக்குப் பார்த்துக் கோபப்படுவதோடு அது நின்றுவிடுகிறது. எனக்கோ கணக்கில் வராத வீட்டோதான் அதிகக் கேடு செய்வதாகத் தோன்றுகிறது. ஒரு பிரச்சினை முறையான கூட்டத்துக்கே வராமல், வாக்கெடுப்பே நடக்காமல், யாரும் கை தூக்கி மறுக்க வேண்டிய தேவையே எழாமல் அமுங்கிப்போகிறதே, அதைச் சொல்கிறேன். கட்டுப்பாடு முதலில் அங்கேதான் தொடங்க வேண்டும். அதற்கான சான்றைத் தேடித் தமிழர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை; 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் போதும்.

அதற்கு முன், ஒருவரின் மறுப்பு எல்லாரையும் கட்டும் என்ற ஏற்பாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. எடுத்துக்காட்டாக, சிதம்பரம் நடராசர் கோயிலின் பொது தீட்சிதர்கள் பற்றி 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். முக்கியமான காரியங்களுக்கு அவர்கள் எல்லாரும் கூடிப் பேசுவார்கள் என்றும், ஒருவர் மாறுபட்டாலும் தீர்மானம் நிறைவேறாது என்ற விதி இருந்தது என்றும் அதில் காண்கிறோம். திருமணமான தீட்சிதர் ஒவ்வொருவருக்கும் அந்த மறுப்பு உண்டு. ஒரே தொழில், ஒரே வழிபாடு, தலைமுறை தலைமுறையாகக் கொண்டான் கொடுத்தான் உறவு என்று பின்னிக்கிடக்கும் சிறு குழுவில் இது ஓடும். வீம்புக்கு மறுப்பவர் மறுநாளும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். குழு பெரிதானால், உறவு தளர்ந்தால், அதே விதி குழுவையே தின்றுவிடும். போலந்தின் நாடாளுமன்றத்தில் 1652 முதல் ஒரே ஒரு உறுப்பினரின் மறுப்பு அவையையே கலைத்துப்போட்டது. 1791இல் அந்த நாடு புதிய அரசியலமைப்பு எழுதி விதியை ஒழித்தபோது காலம் கடந்துவிட்டது. 1795இல் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த நாடுகளின் சங்கமும் ஏகமனதையே நம்பியிருந்தது.

1945இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் இந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் இருந்த மறுப்பை அவர்கள் ஒழிக்கவில்லை; ஐந்து பேருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். சிறிய, நடுத்தர நாடுகள் சும்மா இருந்துவிடவில்லை. சமாதான வழியில் தகராறு தீர்க்கும் முயற்சிகளுக்காவது வீட்டோ கூடாது என்று ஆஸ்திரேலியா கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாகப் 10 நாடுகள், எதிராக 20, நடுநிலையாக 15. வீட்டோவைத் தோற்கடித்துவிட்டோம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், சாசனத்தையும் கிழித்துவிட்டோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள் என்ற பொருளில் பேசிய அமெரிக்க செனட்டர் டாம் கானலி, கையிலிருந்த வரைவைக் கிழித்தே காட்டினார். அந்தச் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட ஆர்க்காடு ராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும் இருவருமே சென்னை மாகாணத்தவர்கள். அடிமை நாட்டின் பிரதிநிதிகள் வல்லரசுகளின் தனியுரிமைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று இன்று எழுதிவிடுவது சுலபம். அன்று அவர்கள் முன் இருந்த தேர்வு, வீட்டோவோடு ஓர் அமைப்பா, அமைப்பே வேண்டாமா என்பதுதான். பூட்டின் சாவியும் பூட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது: சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் 108ஆம் பிரிவின்படி அந்த ஐந்து நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே வீட்டோவை ஒழிப்போம் என்ற முழக்கம் நடைமுறையில் ஐந்து பேரிடம் மனு கொடுப்பதுதான். கட்டுப்படுத்துவது பற்றிப் பேசுவதற்குக் காரணம் மிதவாதம் அல்ல. வேறு வழி திறந்திருக்கவில்லை.

இனி 2009. இலங்கையின் வன்னியில் போர் முள்ளிவாய்க்காலை நோக்கி நெருக்கிக்கொண்டு வந்த அந்த மாதங்களில், லட்சக்கணக்கான மக்கள் சுருங்கிக்கொண்டே வந்த கடலோரத் துண்டில் சிக்கியிருந்தார்கள். அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களில் எறிகணைகள் விழுந்தன. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் பின்னாளில் அமைத்த வல்லுநர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று 2011இல் அறிக்கை தந்தது. இத்தனைக்கும் நடுவே பாதுகாப்பு அவை இலங்கையைத் தன் நிகழ்ச்சிநிரலில் ஒருநாளும் சேர்க்கவில்லை. மெக்சிகோ, ஆஸ்திரியா, கோஸ்டா ரிக்கா போன்ற உறுப்பு நாடுகள் முயன்றன. இது உள்நாட்டு விவகாரம், சர்வதேச அமைதிக்கு ஆபத்தில்லை என்று சீனாவும் ரஷ்யாவும் நின்றன. வியட்நாமும் லிபியாவும் உடன் நின்றன. முடிவில் முறையான கூட்டத்துக்குப் பதிலாக, பதிவேட்டில் ஏறாத ‘முறைசாராக் கலந்துரையாடல்’ என்ற புது ஏற்பாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மே 13 அன்று, போர் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை வந்தது. புலிகளை அது கண்டித்தது. கனரக ஆயுதங்கள் தொடர்ந்து பயன்படுவதாக வரும் செய்திகள் குறித்துக் கவலை தெரிவித்தது. அத்தகைய அறிக்கைக்குப் பதினைந்து உறுப்பினர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அதன் சொற்கள் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இங்கே நடைமுறை விதி ஒன்று முக்கியம். ஒரு விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது செயல்முறை சார்ந்த முடிவு. சாசனத்தின் 27ஆம் பிரிவின்படி அதற்கு ஒன்பது வாக்குகள் போதும், வீட்டோ செல்லாது. அப்படியென்றால் சீனாவும் ரஷ்யாவும் சட்டப்படி அதைத் தடுத்திருக்க முடியாது. ஒன்பது வாக்கு தேறுமா என்ற சந்தேகம் ஒரு பக்கம். தேறினாலும் அதற்குப் பின் வரும் எந்தத் தீர்மானமும் வீட்டோவில் முட்டி நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது இன்னொரு பக்கம். முடிவு தெரிந்த சண்டையில் யார் தன் செல்வாக்கைச் செலவழிப்பார்? இப்படித்தான் வீட்டோ, தான் செல்லாத இடத்திலும் ஆட்சி செய்கிறது. சார்லஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. நடத்திய உள்ளக ஆய்வு 2012 நவம்பரில் வெளியானபோது, அமைப்பு முழுவதும் தோற்றது என்றே சொன்னது. உறுப்பு நாடுகள் கேட்க விரும்புவதைச் சொல்லும் பழக்கம் அதிகாரிகளிடம் எப்படி வளர்ந்தது என்பதையும் அது எடுத்துக்காட்டியது. அமைதிக்கு ஆபத்தான எதையும் தாமாகவே அவையின் கவனத்துக்குக் கொண்டுவரப் பொதுச்செயலருக்கு 99ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அன்றைய பொதுச்செயலர் பான் கி மூன் அதைப் பயன்படுத்தவில்லை. ஆக, எந்த நாடும் இலங்கைக்காக வீட்டோ போட்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. யாரும் மறுக்காமலே எல்லாம் மறுக்கப்பட்டது.

இந்த இடத்தில் கூர்மையான மறுப்பு ஒன்று எழும். வீட்டோ இல்லாத அவையில் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? ஜெனிவாவில் உள்ள மனித உரிமைப் பேரவையில் யாருக்கும் வீட்டோ கிடையாது. போர் முடிந்த பத்தாவது நாளுக்குள், 2009 மே 27 அன்று, அந்தப் பேரவை சிறப்புக் கூட்டம் போட்டு இலங்கை அரசுக்கு அனுகூலமான தீர்மானத்தை 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 6 நாடுகள் நடுநிலை. ஆதரித்த 29இல் இந்தியாவும் ஒன்று. உண்மைதான். பெரும்பான்மைக்கு மனச்சாட்சி உண்டு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வீட்டோவை எடுத்துவிட்டால் நீதி தானே வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த வாக்கெடுப்பு ஒரு நல்ல மருந்து. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜெனிவாவில் இந்தியாவின் வாக்கு பெயரோடு பதிவானது. அதனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது. 2012 மார்ச் 22 அன்று இலங்கையிடம் பொறுப்புக்கூறலைக் கேட்ட தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோது இந்தியா அதை ஆதரித்தது. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 19ஆம் தேதி திமுக மத்திய அரசிலிருந்து விலகியது. 21ஆம் தேதி இந்தியா மறுபடியும் ஆதரித்து வாக்களித்தது. 2014இல் சர்வதேச விசாரணைக்கு வழிவிட்ட தீர்மானத்தில் இந்தியா நடுநிலைக்கு நழுவியது. அதுவும் பதிவில் இருக்கிறது. நழுவியதை நழுவல் என்று சுட்டிக்காட்ட முடிகிறது. ஆதரவும் மறுப்பும் நடுநிலையும் மாறிமாறி வந்த இந்தப் பாதையில்தான் 2015இன் விசாரணை அறிக்கையும், 2021இன் 46/1 தீர்மானத்தால் தொடங்கிய சான்று திரட்டும் பணியும் சாத்தியமாயின. பாதிக்கப்பட்டவர்களுக்கு இவை போதுமா என்றால் போதாது. ஆனால் நியூயார்க்கில் கிடைத்த சூன்யத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வாக்கே நடக்காததால், எந்த நாட்டு மக்களும் தம் அரசிடம் நீ ஏன் இப்படி வாக்களித்தாய் என்று கேட்க வழியில்லாமல் போனது.

அடுத்த மறுப்பு இன்னும் சங்கடமானது, ஏனெனில் அது நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. வீட்டோவால் இந்தியா பலமுறை பிழைத்திருக்கிறது. காஷ்மீர் விஷயத்தில் 1957இலும் 1962இலும், கோவா விஷயத்தில் 1961 டிசம்பரிலும் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்காக வீட்டோ போட்டது. 1971 டிசம்பரில் 4, 5, 13 ஆகிய தேதிகளில் மூன்று முறை போட்டது. நடுவே, டிசம்பர் 7 அன்று, பொதுச்சபை உடனடிப் போர்நிறுத்தமும் படைவிலகலும் கேட்டு 104க்கு 11 என்று வாக்களித்தது. வங்கதேசத்தில் நடந்த கொலைகளை நிறுத்திய போரை, உலகின் பெரும்பான்மை நிறுத்தச் சொன்னது. சோவியத் வீட்டோ தந்த அவகாசத்தில்தான் டிசம்பர் 16 அன்று டாக்கா விழுந்தது. வீட்டோ எப்போதும் கொடுமைக்கே துணைபோகும் என்று எழுதுகிறவர் இந்த நாட்களை விழுங்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். என் வாதம் இதை விழுங்க வேண்டியதில்லை. சோவியத் ஒன்றியம் அந்த மூன்று முறையும் முறையான கூட்டத்தில், உலகத்தின் கண்முன், காரணம் சொல்லிக் கை தூக்கியது. இந்தியாவின் பிரதிநிதி சமர் சென் தன் தரப்பை எடுத்துரைத்தார், பாகிஸ்தானும் பேசியது. பழி வந்தாலும் பாராட்டு வந்தாலும் அதைச் சுமக்க ஒரு பெயர் இருந்தது. வாய் திறக்காத வீட்டோவுக்குக் கடிவாளம் போட்டால் 1971 ஒரு துளியும் மாறியிருக்காது. 2009 மாறியிருக்கக்கூடும். வல்லரசுகளை அவைக்குள் பிடித்துவைக்க வீட்டோ தேவை, அணுகுண்டு வைத்திருக்கும் ஒரு நாட்டின் மேல் பெரும்பான்மை வாக்கால் படையெடுக்க முடியாதபடி அது தடுக்கிறது என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். அந்தக் காவலுக்கு வெளிப்படையான மறுப்பே போதும், இருட்டு எதற்கு?

வெளியே கொண்டுவரும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. பழையது 1950 நவம்பர் 3 அன்று வந்த ‘அமைதிக்காக ஒன்றுபடல்’ தீர்மானம்: பாதுகாப்பு அவை வீட்டோவால் முடங்கினால் பொதுச்சபை விஷயத்தைக் கையில் எடுக்கலாம். 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகள் வாக்களித்தது இந்த வழியில்தான், இந்தியா நடுநிலை. தகராறில் கட்சியாக இருப்பவர் வாக்களிக்காமல் விலக வேண்டும் என்று 27ஆம் பிரிவிலேயே ஒரு வரி உண்டு. ஆனால் அது சமாதான வழித் தீர்வு பற்றிய அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் 2022 பிப்ரவரி 25 அன்று ரஷ்யா தன் படையெடுப்பு பற்றிய தீர்மானத்தைத் தானே வீட்டோ செய்ய முடிந்தது. பெருந்திரள் கொடுமைகளில் வீட்டோவை ஐவரும் தாமாகவே அடக்கிக்கொள்ள வேண்டும் என்று 2015இல் பிரான்சும் மெக்சிகோவும் முன்வைத்த யோசனை நல்ல எண்ணம் என்ற அளவோடு நிற்கிறது. பிரான்சும் பிரிட்டனும் 1989 டிசம்பருக்குப் பிறகு வீட்டோவே போட்டதில்லை. விரதம் இருப்பவரிடம் உபவாசப் பிரகடனத்தில் கையெழுத்து வாங்குவது பெரிய காரியமல்ல. உருப்படியானது 2022 ஏப்ரல் 26 அன்று வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறிய 76/262. வீட்டோ போடப்பட்டால் பத்து வேலைநாட்களுக்குள் பொதுச்சபை கூடும். போட்டவர் வந்து விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரப்படும். வட கொரியா குறித்து அந்த மே மாதம் வீட்டோ போட்ட சீனாவும் ரஷ்யாவும் ஜூன் 8 அன்று மேடையேறிக் காரணம் சொன்னதே இதன் முதல் பலன். ஆனால் விதியின் வாசலைக் கவனியுங்கள்: வீட்டோ ‘போடப்பட்டால்’. 2009 போல அது போடப்படாமலே வேலை முடிந்துவிட்டால் இந்த விதிக்குக் கண் தெரியாது. இன்னும் மோசமாக, போட்டால் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற சங்கடமே, விஷயத்தை வாக்கெடுப்புக்கு முன்பே அமுக்கிவிடும் ஆசையைக் கூட்டலாம்.

வாய் திறக்காத மறுப்பை அடையாளம் காணத் தமிழ்நாட்டு வாசகருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்களில் பத்து, பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை, ஆளுநரிடம் கிடந்தன. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று அவை திரும்பி வந்தன. 18ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றப்பட்டன. 28ஆம் தேதி குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, சும்மா வைத்துக்கொண்டிருக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் இல்லை என்று சொல்லி, காலக்கெடு விதித்து, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த பதில் வேறு: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது. கவனிக்க வேண்டியது, கடிகாரத்தை வேண்டாம் என்ற அந்த அமர்வுகூட முடிவில்லாத மௌனத்தை ஏற்கவில்லை என்பதுதான். நீண்ட, விளக்கமில்லாத செயலின்மை இருந்தால், ஏதாவது ஒரு முடிவை எடு என்று மட்டும் உத்தரவிடலாம் என்றது. மறுக்கும் அதிகாரத்தில் கருத்து வேறுபடும் இரண்டு அமர்வுகள், பேசாமல் மறுப்பது கூடாது என்பதில் ஒத்துப்போகின்றன. மௌனத்தாலும் நன்மை உண்டே, 1986இல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழிவிட்ட அஞ்சல் மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அப்படித்தானே தடுத்தார் என்பார்கள். தடுத்தார். ஆனால் அது ஏன் தவறு என்று நாட்டுக்குச் சொல்லும் பொறுப்பு, அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் வரை யார் மீதும் விழவில்லை. வெளிப்படையாகச் செய்திருந்தால் அந்த நன்மை குறைந்திருக்காது.

இன்னும் கீழே இறங்கினால் ஊராட்சி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். ‘செக் பவர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் கிராம அரசியல் பாதி அடங்கிவிடும். கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடியைச் சுற்றியுள்ள மங்களூர், நல்லூர் ஒன்றியங்களானாலும் மாநிலத்தின் வேறு எந்த ஒன்றியமானாலும் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு சுழற்சியில் வரும், துணைத் தலைவர் பதவிக்கு வராது. வார்டு உறுப்பினர்கள் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதால், பட்டியல் சாதித் தலைவருக்குப் பக்கத்தில் ஆதிக்கச் சாதிக்காரர் அந்த இரண்டாம் கையெழுத்தோடு உட்கார முடியும். அவர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். ஊரில் இல்லை, வெளியூருக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம். மோட்டார் பழுதுபார்த்தவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் பணம் போகாது. கெட்ட பெயர் தலைவருக்கு. மோசடியைத் தடுக்க இரண்டு கையெழுத்து நல்ல ஏற்பாடுதான், அதை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்ற வழியும் உண்டு. ஆனால் மறுப்பவர் எத்தனை நாளுக்குள் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்ற கேள்வியை யாராவது கேட்டால்தான் அந்த வழி வேலை செய்யத் தொடங்குகிறது. பாதுகாப்பு அவைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. மறுப்பு ஒளிந்துகொள்ளும் விதத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் காணோம்.

ஆகவே 76/262இன் வாசலை அகலப்படுத்த வேண்டும் என்பதே நான் வந்து சேரும் இடம். பொதுச்செயலர் 99ஆம் பிரிவின்படி எழுதினாலோ, பொதுச்சபை உறுப்பினர்களில் குறிப்பிட்ட ஒரு பங்கினர் எழுத்தில் கேட்டாலோ, அதன்பின் இத்தனை நாளுக்குள் பாதுகாப்பு அவை அந்த விஷயத்துக்காக முறையான கூட்டம் நடத்தாவிட்டால், அந்தச் செயலின்மையையே வீட்டோவாகக் கருதிப் பொதுச்சபை தானாகக் கூட வேண்டும். பதினைந்து உறுப்பினர்களும் அங்கே வந்து, நிகழ்ச்சிநிரலில் சேர்க்க ஆதரவா எதிர்ப்பா என்று காரணத்தோடு சொல்ல அழைக்கப்பட வேண்டும். இது வீட்டோவைத் தொடவில்லை, சாசனத்தைத் திருத்தவில்லை, 108ஆம் பிரிவின் பூட்டைத் தட்டவுமில்லை. பொதுச்சபை தன் கூட்டங்களைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்துக்குள் அடங்குகிறது. ஐவரின் சம்மதம் தேவையில்லை. வெறும் பேச்சுத்தானே என்று சலித்துக்கொள்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். காசாவுக்காக அந்தோனியோ குட்டெரெஸ் 6ஆம் தேதி 99ஆம் பிரிவைக் கையில் எடுத்தார். 8ஆம் தேதியே வாக்கெடுப்பு நடந்தது. 13 நாடுகள் ஆதரித்த போர்நிறுத்தத் தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ செய்தது. குண்டுகள் நிற்கவில்லை. ஆனால் யார் மறுத்தது என்று உலகம் குழம்பவுமில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே அந்தக் கை தூக்கலுக்குக் கணக்குக் கேட்டார்கள். 2009இல் வன்னிக்குக் கிடைக்காதது இந்தக் குறைந்தபட்சம்கூடத்தான். இந்த விதி அன்று இருந்திருந்தால் எறிகணைகள் நின்றிருக்கும் என்று சொல்லத் துணிய மாட்டேன். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பதினைந்து அரசுகள் தம் நிலைப்பாட்டைப் பெயரோடு சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

அடிக்கடி கூட்டம் கேட்டு நாடுகள் விதியைக் கேலிக்கூத்தாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. கேட்பதற்கு வேண்டிய எண்ணிக்கையைச் சற்று உயர்த்தி வைத்தால் அது பெரும்பாலும் தீரும். பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. இந்தியா இதை விரும்பாது. வீட்டோ எல்லா நிரந்தர உறுப்பினர்களுக்கும் வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பது டெல்லியின் நெடுநாள் நிலைப்பாடு. ஜெர்மனி, ஜப்பான், பிரேசிலோடு சேர்ந்து நிரந்தர இடம் கேட்கும்போது, கிடைத்த பின் பதினைந்து ஆண்டுகள் வீட்டோவைப் பயன்படுத்தாமல் பொறுத்திருக்கத் தயார் என்றும் சொல்லிவருகிறது. நாளைக்குத் தன் கைக்கு வரலாம் என்று நம்பும் அதிகாரத்துக்கு இன்று வேலி போட யாருக்கும் மனம் வராது. காஷ்மீர் மறுபடி மேசைக்கு வந்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கவலைகளைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 76/262ஐ முன்னெடுத்துச் சென்ற லிக்டன்ஸ்டைனின் மக்கள்தொகை ஏறக்குறைய நாற்பதாயிரம்தான். திட்டக்குடி வட்டத்தில் அதைவிட அதிகம் பேர் வாழ்கிறார்கள். வரைவைக் கொண்டுவர அப்படியொரு நாடு போதும். அது வாக்கெடுப்புக்கு வரும் நாளில் இந்தியா ஆதரித்ததா, எதிர்த்ததா, நடுநிலையில் ஒதுங்கியதா என்பது பெயரோடு பதிவாகும். 2013 மார்ச்சில் கேட்டதைப் போல அதையும் கேட்கலாம்.